ரமணன்ட விளையாட்டுத் துவக்கு

ஆவணி, ஞாயிறு இரவு.

மச்சான் ரமணன் கொழும்பில இருந்து பிளாஸ்டிக் குண்டு சுடுற விளையாட்டுத் துவக்குகள் கொண்டு வந்திருக்கிறான். பார்த்தா அசல் துவக்குத்தான். என்ட கிரிக்கெட் பொடியனுகள் முழுப்பேரும் மட்டையைப் போட்டுட்டு அவனுக்குப் பின்னால வாவிக்கரைக்குப் போயிட்டானுகள். எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. நானும் போனன்.

“இது அரசாங்கக் காணி. பொலிசுக்குச் சொன்னியா? இவனுகள்ட கண்ணுக்குக் கண்ணாடி எங்க?” எண்டு கேட்டன்.

“உனக்கு எரிச்சல் மச்சான்” எண்டு சிரிச்சான். பொடியனுகளும் சேர்ந்து சிரிச்சானுகள்.

அப்பதான் கண்டல் மரங்கள்ட மறைவால தோணியில ஒரு வயசாளி வந்தார். துவக்குகளைக் கண்டதும் துடுப்பை விட்டுட்டார். அவராவே, சண்டைக் காலத்தில ஆமிக்காரனுக்குக் காட்டின மாதிரி, மடியில இருந்து அடையாள அட்டையை எடுத்து, ரெண்டு கையையும் உசத்திக்கொண்டு இருந்தார். தோணி தன்பாட்டில மிதந்தது.

நான் சொன்னது சரியாப் போச்சு எண்டு எனக்குள்ள ஒரு சந்தோசம். ரமணன் துவக்கை எறிஞ்சுட்டுத் தண்ணிக்குள்ள ஓடினான். “ஐயா, இது விளையாட்டுச் சாமான். கையை இறக்குங்க” எண்டு அழாக்குறையாச் சொன்னான். அவர் அட்டையைத்தான் நீட்டினார்.

பொடியனுகளும் அவனுக்குப் பின்னால ஓடினானுகள். நான் கரையிலயே நிண்டன், ஒருத்தனாவது என்னைத் திரும்பிப் பார்க்கிறானா எண்டு பார்த்துக்கொண்டு.