பனிக்குள் நின்ற பிள்ளைக்கு

சாந்தன்பாறை
9-11-1975

அன்பு மகள் மாரித்தாய்க்கு அப்பா எழுதிக்கொள்வது. முழங்கால் வலி ஒன்றைத் தவிர நானும், என்னைத் திட்டும் வேலை ஒன்றைத் தவிர வேறு குறையில்லாமல் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை உன் கையெழுத்தில் பார்த்து நாலு மாதமாகிறது. அதனால் இந்த முறை உன்னிடம் கேட்காமல் நானே சொல்கிறேன், நீ சுகமாக இல்லை.

தன் தங்கச்சி கல்யாணத்துக்கு உங்கள் பம்பாயிலிருந்து வந்த மிக்கேல்ராஜ் நேற்று நம் லயத்து வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். உன் புருஷன் சின்னையன் துபாய்க்குக் கப்பலேறி பதினாலு மாதம் ஆகிவிட்டதாம், ஒரு கடுதாசி இல்லையாம், கூடப் போனவர்கள் அவன் அங்கே நன்றாக இருக்கிறான் என்று எழுதுகிறார்களாம். நான் வந்து கூட்டிப்போகிறேன், அதுவரை இந்த ரூமைவிட்டு அசையாதே என்று அவன் சொன்னதை வைத்துக்கொண்டு நீ தகரக் கூரைக்குக் கீழே கதவைப் பார்த்தபடி இருக்கிறாயாம், பக்கத்தில் தையல் வேலைக்குக் கூப்பிட்டும் போகவில்லையாம். ஊருக்காவது வாம்மா என்று மிக்கேல்ராஜ் சொன்னதற்கு நீ சொன்ன பதிலை அவன் அப்படியே சொன்னான். "எங்கப்பா அசையாம நில்லுன்னு சொல்லி வளத்தவருண்ணே, நான் எப்படி எந்திரிச்சு வருவேன்" என்றாயாம். அதைக் கேட்டதும் உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

இது ஏலக்காய் எடுப்பு நேரம், காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை எனக்கு. பச்சைக் காய் வெதும்புகிற மணம் தலைக்குள் ஏறி உட்கார்ந்தபடியே கண் சொக்கிப்போகிறது. மத்தியானமே பனி இறங்கி வாசல்வரை வந்து நிற்கிறது. இன்று அதற்குள் நீ நின்றாய், பச்சைப் பாவாடை, ஆறு வயசு. வா என்கிறேன், வரவில்லை. என்னையே பார்க்கிறாய். விறகு சரிந்து விழுந்த சத்தத்தில் விழித்துக்கொண்டேன், ஆனால் நீ போகவில்லை, இதோ எழுதும்போதும் அங்கேதான் நிற்கிறாய்.

உனக்கு ஞாபகம் இருக்கும். காய் எடுக்கப் போன இடத்தில் திடீரென்று பனி மூடி நீ எங்கள் கையைவிட்டுப் போன நாள். வழி தவறினால் நின்ற இடத்தைவிட்டு அசையாதே, அப்பா குரல் கேட்கும்வரை யாருக்கும் பதில் சொல்லாதே என்று உனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பிள்ளைபிடிக்காரன் பயம் எனக்கு. உன் அம்மா பத்தடி தள்ளி நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டிருக்கிறாள், நீ வாயைத் திறக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் நான் வந்து கூப்பிட்ட பிறகுதான் "இங்கன இருக்கேம்ப்பா" என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் இரண்டு காலிலும் அட்டை, எண்ணிப் பதினொன்று. அதைப் பிடுங்கக்கூட நீ குனியவில்லை. குனிந்தால் அசைந்ததாகிவிடும் என்றாய். நான் என்ன செய்தேன், உன்னைத் தோளில் ஏற்றி லயம் முழுவதும் சுற்றி, பார்த்தீர்களா என் மகளை, சொன்ன சொல் தட்டாதவள் என்று பீற்றிக்கொண்டேன், பூப்பாறைக் கடையில் பன் வாங்கிக் கொடுத்தேன். உன் அம்மா மட்டும் அன்று சாப்பிடவில்லை. "பெத்தவ கூப்பிட்டும் வாயத் தொறக்காத மாதிரி வளத்து வச்சிருக்கீங்களே" என்று அழுதாள். நான் சிரித்தேன் மாரி. அந்தச் சிரிப்பு இத்தனை வருஷம் கழித்து என் நெஞ்சை அறுக்கிறது.

நான் உனக்குச் சொன்னது பாதிதான். மீதியை நீ வளர்ந்த பிறகு சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமலே கட்டிக்கொடுத்துவிட்டேன். நிற்பது சின்னப் பிள்ளைக்கு. பெரியவர்கள் பனியில் சிக்கினால் நிற்பதில்லை, நீயும் பார்த்திருப்பாய். ஓவென்று ஒரு கூவல் விடுவார்கள், பதில் வந்த பக்கம் நடப்பார்கள். பதிலே வராவிட்டால் ஓடைச் சத்தம் கேட்கிற பக்கம் இறங்குவார்கள், ஓடை எப்படியும் ரோட்டில் கொண்டுவந்து விடும். உனக்கு இருபத்தாறு வயசு. உன் புருஷன் பதில் கொடுக்கவில்லை. அவன் வருவானா மாட்டானா எனக்குத் தெரியாது, தேடி வந்தால் நீ இருக்கிற இடத்துக்கு வழி கேட்டு வரட்டும். நீ எழுந்திரு. தையல் வேலைக்குப் போவதானால் போ. இங்கே வருவதானால் வா, லயத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினால் பேசட்டும், உன் அம்மாவின் வாய்க்கு முன்னால் அவர்கள் எம்மாத்திரம். அட்டை கடித்தால் குனிந்து பிடுங்கு. அதற்கு என்னிடம் உத்தரவு கேட்காதே.

மிக்கேல்ராஜ் வியாழக்கிழமை புறப்படுகிறான், கடுதாசியோடு உன் அம்மா பின்னிய கம்பளிச் சட்டையும் கொஞ்சம் ஏலக்காயும் அவன் கையில் வருகிறது. கறுப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது, ஒன்று உனக்கென்று உன் அம்மா பெயர்கூட வைத்துவிட்டாள். மாரியாத்தா உன் கூடவே நடப்பாள், தைரியமாக இரு, வயிற்றைக் காயப் போடாதே.

வருவதானால் தந்தி கொடு. மதுரையில் இறங்கி போடி ரயில் ஏறு, அங்கிருந்து பஸ். நான் போடிமெட்டு செக்போஸ்ட்டில் வந்து நிற்பேன். இந்த மாதத்தில் அங்கே பனியில் எதிரில் நிற்கிற ஆள் தெரியாது, நான் கண்ணில் படவில்லை என்று இறங்கிய இடத்திலேயே நின்றுவிடாதே. நீ முதலில் குரல் கொடு. நான் பதில் கொடுக்கிறேன். நடந்து வா.

உன் கூவலுக்குக் காது கொடுத்தபடி,
அப்பா
அழகுமலை