எச்சரித்தும் ஏன் போகவில்லை என்ற உன் கேள்விக்கு

என்றும் என் அன்புக்குரிய லலிதா அக்காவுக்கு,

இதை எழுதுபவன் உன் தம்பி சுப்பிரமணியன், திருவனந்தபுரத்தில் வழக்கறிஞன். உன் ஆய்வின் கேள்வித்தாளைச் சட்டப்படி சரிபார்த்தவன். இதில் உள்ளவை நான் நேரில் அறிந்தவை மட்டுமே.

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், கால்வாயை ஒட்டிய ஏழு வாடகை அறைகளில் இருக்கும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு வெள்ள எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேருகிறது, அது அவர்கள் மனத்தை என்ன செய்கிறது என்பதுதானே உன் ஆய்வு? அறிவிப்பு மலையாளத்தில் இருப்பதால் புரியவில்லை என்று கருதினாய். தமிழிலும் சொல்ல வைத்தாய். அப்போதும் எவரும் நிவாரண முகாமுக்குக் கிளம்பவில்லை. அந்த அத்தியாயம் அப்படியே நிற்கிறது.

போன வாரம் அங்கே போனேன். ஓட்டலில் பாத்திரம் கழுவும் பேச்சியம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அக்கா நல்லா கேப்பாங்க சாரே. கேக்க வேண்டியத மட்டும் கேக்கல.”

“எதை?”

“போயிட்டு வந்தா ரூம் இருக்குமான்னு. முன்ன முகாமுக்குப் போனவ திரும்பி வந்தா, ரூம்ல வேற ஆளு. வீட்டுக்காரன் பூட்டை மாத்திட்டான். வானம் இருட்டினாலே எங்களுக்கு நெஞ்சு அடிச்சுக்கும். தண்ணிய நெனச்சு இல்ல, பூட்ட நெனச்சு.”

அந்தக் கேள்வி உன் முதல் வரைவில் இருந்தது, அக்கா. வீட்டுக்காரர் அவதூறு வழக்குப் போட இடம் தரும் என்று நீக்கச் சொன்னவன் நான். நீ பேனாவை எடுத்து அந்தக் கேள்வியை அடித்துவிட்டாய். ஏன் வாதாடவில்லை?

வீட்டுக்காரரைச் சந்தித்தேன். முகாமிலிருந்து திரும்பினாலும் அறை அவர்களுக்கே என்று எழுதித் தர மறுத்துவிட்டார். வழக்குத் தொடுக்கலாம் என்று பேச்சியம்மாளிடம் சொன்னேன்.

“கேஸு முடியறதுக்குள்ள நாங்க மிதந்துருவோம். மழை அன்னிக்கு அந்தக் கறுப்புக் கோட்டப் போட்டுட்டு வாசல்ல வந்து நில்லுங்க, போதும். அதுக்குத்தான் அவன் பயப்படுவான்.”

‘பார்க்கலாம்’ என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

ஆகவே உனக்கு எழுதித் தருகிறேன்: அடுத்த எச்சரிக்கை வரும் நாளில், அவர்கள் முகாமுக்குப் போய்த் திரும்பும்வரை, அந்த ஏழு அறைகளின் வாசலில் நான் நிற்பேன். ‘இயன்றவரை’ என்ற சொல்லை இதில் சேர்க்கவில்லை.

உன் தம்பி,
சுப்பிரமணியன்

சாட்சிகள்:
பேச்சியம்மாள்
அவர் கணவர் மாரியப்பன் (பெருவிரல் ரேகை)