எலிக்கும் எனக்கும் ஒரே ஊசி

மார்ச் 7, செவ்வாய். சால்ட்டா

எங்கள் ஆய்வகத் தலைவர் டாக்டர் எச்சார்ட்டோடு இன்றும் வாக்குவாதம். ரத்தம் குடிக்கும் வின்சூக்காப் பூச்சியின் குடலில் இருக்கும் சாகாஸ் நோய்க் கிருமி ஆளைத் தொற்றாது. உருமாறிய பிறகுதான் தொற்றும். அந்த மாற்றத்தைத் தொடங்கிவைப்பது ஒரு புரதம் என்கிறேன் நான். இந்தக் கிருமி ஏறக்குறைய எல்லா மரபணுக்களையும் ஓயாமல் ஆர்.என்.ஏ. நகலாக எடுத்துக்கொண்டே இருக்கிறது. எந்த நகல் பிழைக்கும், எது சிதையும் என்பது அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்களின் கையில். என் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கவைத்தேன். கிருமிகள் உருமாறின.

"உரு மாறினா போதுமா சுலேமா? தொத்துமா?" என்றார்.

நியாயமான கேள்விதான். நாளை எலிகளில் பார்த்துவிடலாம்.

மார்ச் 8

குத்திக்கொண்டேன். எலி துள்ளியது — ஊசி கையுறையைத் துளைத்து என் கட்டைவிரலில். எலிக்குப் போன, நான் உருமாற்றிய அதே கிருமி.

டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், "பூச்சிக் குடல் ரகம்மா அது, ஒன்னும் பண்ணாது. சாகாஸ் மாத்திரை போட்டா தோலை உரிச்சிடும். ஊசி குத்திடுச்சுன்னு மேல எழுதிக்குடுத்தா ஆய்வகத்தப் பூட்டிடுவாங்க. கொஞ்சம் பொறு."

நான் சொன்னது தப்பென்றால் எனக்கு ஒன்றும் ஆகாது. சரியென்றால்? அப்பாவின் இதயம் ஊதிப்போனது இதே கிருமியால்தானே.

பக்கத்து மேசை தமாரா மாத்தே தேநீர்க் குவளையை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏ ஒல்லி, உன் ஆராய்ச்சிய நீயே நம்பலன்னா வேற எவ நம்புவா? போய் முழுங்குடி."

மார்ச் 9

எழுதிக்கொடுத்துவிட்டேன். மாத்திரை தொடங்கியாயிற்று. ஆய்வகத்துக்குப் பூட்டு. எலிகளைக் கவனிக்க மட்டும் அனுமதி. டாக்டர் என்னோடு பேசவில்லை.

மார்ச் 14

உடம்பெல்லாம் தடிப்பு. அரிப்பு உயிர் போகுது. அம்மா போனில், "ஏன்டி குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். சளி என்று சொன்னேன்.

மார்ச் 17

எலிகளின் ரத்தத்தில் எதுவுமில்லை. ஒப்பிடுவதற்காகச் சாதாரணக் கிருமி போட்டவற்றிலும் இல்லை, என்னுடையவற்றிலும் இல்லை.

"பாத்தியா? போதும், நிறுத்திடு அத" என்றார் டாக்டர். இத்தனை நாளில் அவர் பேசிய முதல் பேச்சு.

சந்தோஷப்படத்தானே வேணும்? அழுகை வருதே. மூணு வருஷ வேலை. இந்தத் தோலைக் கிழிச்சுப் போட்டுடலாம் போல இருக்கு. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். போட்டுக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 22

நெளிகின்றன! என் எலிகளின் ரத்தத்தில் மட்டும், வாலை அடித்துக்கொண்டு. மற்ற எலிகள் சுத்தம்.

டாக்டரைக் கூப்பிட்டேன். நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. குனிந்தபடியே கேட்டார்: "மாத்திரைய நிறுத்திடலயே?"

"இல்ல டாக்டர்."

நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

ஏப்ரல் 10

என் ரத்தத்தில் கிருமி இல்லை. இன்னும் சில மாதம் பார்க்க வேண்டுமாம்.

ஜூன் 12, திங்கள்

இந்தமுறையும் இல்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டித் தீர்த்துவிட்டாள்.

ஆய்வகம் இன்று திறந்தது. முதல் வேலை, அடுத்த எலிகளுக்கு ஊசி. டாக்டரே கையுறை மாட்டிக்கொண்டு எலியைப் பிடித்தார்.

"உன் கிருமிம்மா. பாத்துக் குத்து."

நான் ஒரு கையுறைக்கு மேல் இன்னொன்றையும் மாட்டிக்கொண்டேன். அவர் காத்திருந்தார்.