சித்திரை முதலாம் நாள் வெட்டிய புல்

லா சப்பல், பாரிஸ்
25.5.1986

அன்புள்ள மகள் கோசலைக்கு,

இங்கே அம்மா நல்ல சுகம். நானும் சுகம்தான், இந்த நாட்டுக் கடதாசிகள் என்னை இன்னும் கொன்றுவிடவில்லை. ரொறன்ரோவில் குளிர் விட்டதா, மருமகனுக்கு முதுகு நோ குறைந்ததா என்று அறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. ஒரு திகதிக்காக ஏனப்பா இந்தப் பிடிவாதம் என்று கேட்டிருந்தாய். நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன், வாசித்துவிட்டு யார் பிடிவாதக்காரர் என்று நீயே சொல்.

ரெஸ்ரோறன்ற் குசினியில் கோப்பை கழுவுவதை நான் மாசியில் விட்டதும், பாரிசுக்கு வெளியே பொண்டியில் தோட்டமுள்ள வீடுகளுக்குப் புல் வெட்டும் தொழில் தொடங்க நினைத்ததும் உனக்குத் தெரியும். ஆறு வீட்டுக்காரர் சம்மதித்தார்கள், ஆனால் ஆறு பேரும் பதிவு இலக்கம் போட்ட பற்றுச்சீட்டுக் கேட்டார்கள். எனக்கும் களவாக வேலை செய்ய விருப்பமில்லை. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் சட்டம் படித்தேன். புல் வெட்ட என்னென்ன வேண்டும் தெரியுமா, வதிவிட அட்டை, விலாசத்துக்கு அத்தாட்சி, தொழில் பதிவு, மெசினில் தெறித்த கல் யாருடைய கண்ணாடியையாவது உடைத்தால் அதற்கு ஒரு காப்புறுதி. இவ்வளவுக்கும் மேலே, தோட்டவேலை செய்கிறவன் விவசாயிகளுக்கான காப்புறுதியில் சேரவேண்டுமாம். ஊரில் முப்பது வருடம் சங்கக்கடை மனேச்சராக இருந்து, ஒரு நாளும் மண்வெட்டி பிடியாத என்னை, நாலாம் மாடியில் குடியிருக்கும் விவசாயி ஆக்கினார்கள். அதற்கும் சரி என்றேன். பதிவு அலுவலகத்தில் இருக்கும் ஜிஸ்லேன் என்ற பெண், இப்படி ஒழுங்கான ஃபைலைத் தான் பார்த்ததே இல்லை என்று பாராட்டினாள். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

அங்கே தொழில் தொடங்கிய திகதி என்று ஒரு கேள்வி. வருடப் பிறப்பன்று நல்ல நேரம் பார்த்து அந்த ஆறு பேரில் ஒருவரான ரொபேர் கிழவர் வீட்டுப் புல்லில் முதல் வெட்டு வெட்டி நாள்வேலை செய்தேன் அல்லவா. பஞ்சாங்க நேரத்தில் மூன்றரை மணித்தியாலம் கழித்தால் இங்கே காலை ஏழு பன்னிரண்டு. கிழவர் படுக்கை உடுப்போடு வந்து கேற்றைத் திறந்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே கைவிசேடமாக, வருடத்தின் முதல் காசாக, ஐந்து பிராங் குற்றி ஒன்றைத் தந்தார். ஆகவே ஏப்ரல் பதினான்கு என்று எழுதினேன். அப்படியானால் நாலு கிழமையாகப் பதியாமல் வேலை செய்கிறீர்களா என்றாள். ஒரு நாள், ஒரு பாய் அளவு புல் என்றேன். காசு வாங்கினீர்களா என்றாள். வாங்கினேன், பிள்ளையார் படத்துக்கு முன்னால் இருக்கிறது என்றேன். அவள் பேனையை மூடிவிட்டாள்.

மொழிபெயர்க்கக் கூட வந்த புதுச்சேரி எமில், ஒரு தேதிதானே மிசியே, நாளைக்குன்னு மாத்திப் போட்டா முடிஞ்சுது, அந்தம்மாவே வேற தாள் குடுக்குறாங்க என்றார். ரொபேர் இன்னும் ஒருபடி மேலே போய், அது வேலையே இல்லை, சமயச் சடங்கு என்று எழுதித் தந்தார். நான் குனிந்து வெட்டிய புல்லைச் சடங்கு என்று சொல்ல இவர் யார்? கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஐப்பசி பதினேழு என் பிறந்த நாள் என்று மூன்று தரம் சொல்லியும் கந்தோர்க்காரர் ஒருவர் தன் வசதிக்கு அட்டையில் ஜனவரி ஒன்று என்று ரைப் அடித்துத் தந்தார். பக்கத்து வீட்டு யோகநாதனும் ஜனவரி ஒன்று, அவன் மைத்துனனும் ஜனவரி ஒன்று, இந்தத் தெருவில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்திருக்கிறோம். அன்று பாஷை தெரியாமல் வாய்மூடி நின்றேன். இப்போது தெரியும். என் தொழிலாவது தான் பிறந்த நாளில் பிறந்ததாக இருக்கட்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். மூன்று தரம் போனேன், மூன்று தரமும் ஃபைலோடு திரும்பினேன். புல் என்னைக் கேட்டா வளர்கிறது, முழங்கால் அளவு வந்துவிட்டது. ஆறு வீட்டில் இரண்டு வீட்டார் வேறு ஆள் பிடித்துவிட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அம்மா நல்ல சேலை ஒன்றை உடுத்து, தன் வதிவிட அட்டையையும் என் ஃபைலையும் தூக்கிக்கொண்டு தனியே போனார். செவ்வாய்க்கிழமை, அதுவும் ராகுகாலம். எப்போது தொடங்குகிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டதற்கு, தனக்குத் தெரிந்த பத்துப் பிரெஞ்சுச் சொல்லில் ஒன்றை எடுத்து, நாளைக்கு என்றாராம். அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. இப்போது தில்லைநாயகி தோட்டப் பராமரிப்பு என்று ஒரு தொழில் இருக்கிறது. மெசினை எந்தப் பக்கம் தள்ளுவது என்று அதன் சொந்தக்காரிக்குத் தெரியாது. என்ன இது என்று கேட்டேன். உங்கடை திகதியை நீங்கள் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ, புல்லை நான் வெட்டுவிக்கிறன் என்றார்.

பிறகு எனக்கு முன்னால் ஒரு வேலை ஒப்பந்தத்தை வைத்தார். அதிலும் தொடங்கும் திகதி இருந்தது, மே இருபத்தொன்று. தேத்தண்ணீர் ஆறும்வரை யோசித்தேன். சட்டப்படி பார்த்தால் அது பொய்யில்லை, அன்றுதான் நான் அவரிடம் வேலைக்குச் சேர்கிறேன். ஏப்ரல் பதினான்கில் தொடங்கிய தொழில் என்னுடையது, அதன் திகதியை ஒருவராலும் மாற்ற முடியவில்லை. ஆகவே கையெழுத்து வைத்தேன். நான் விட்டுக்கொடுத்ததாக மருமகனிடம் சொல்லாதே. புதன் தொடக்கம் வேலை நடக்கிறது. முதலாளி வெள்ளிக்கிழமை வந்து பார்த்து, வேலியோரம் சரியாக வெட்டுப்படவில்லை என்று ரொபேருக்கு முன்னாலேயே சொன்னார்.

பிள்ளையார் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பார். வெயில் வந்துவிட்டது என்று சொக்ஸ் போடாமல் திரியாதே. இன்னொன்று, தொழில் கடிதங்கள் வருவதால் தபால் பெட்டியில் இப்போது அம்மாவின் பெயர்தான் ஒட்டியிருக்கிறது, என் பெயருக்கு இடம் போதவில்லை. இனி உறையில் தில்லைநாயகி என்று எழுது. கீழே இடம் இருந்தால் என்னையும் எழுது.

இப்படிக்கு,
அன்பு அப்பா
க. குணரத்தினம்