நான் சுகமில்லை, யூட் அண்ணை

அன்பின் யூட் அண்ணைக்கு,

வழக்கமாக நாங்கள் கடிதம் எழுதினால் எப்படித் தொடங்குவோம்? 'நான் நல்ல சுகம், உங்கள் சுகத்துக்கும் மாதாவை மன்றாடுகிறேன்.' காய்ச்சலில் கிடந்தாலும் அப்படித்தான், வீடு எரிந்தாலும் அப்படித்தான். இந்தக் கடிதத்தை அப்படித் தொடங்க மாட்டேன். நான் சுகமில்லை, அண்ணை. நீங்களோ செத்துப் போனீர்கள். இதில் யாருடைய சுகத்துக்காக யாரை மன்றாடுவது?

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறினது போலத்தான் இருக்கும். கோழி வெட்டிச் சீவியம் நடத்தினவளுக்கு வேறு என்ன எழுத்து வரும் என்று நீங்கள் நக்கலடிப்பீர்கள். அடியுங்கள், எனக்குக் கேட்க ஆசையாக இருக்கிறது.

அந்தப் போன் திரும்பவும் வந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு மட்டும் சொல்வதென்றால் கல்லறைக்கு வந்து சொல்லியிருப்பேன். ஊரும் வாசிக்கட்டும் என்று பேப்பருக்குக் கொடுக்கிறேன். ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று நீங்கள் பயந்த எல்லாமே இதில் இருக்கிறது.

முதலில் அந்த நாளைச் சொல்கிறேன். இங்கே கனடாவில், மிசிசாகாவில் அந்தக் கோழித் தொழிற்சாலையில் நான் வெட்டுகிற இடத்திலும் நீங்கள் பெட்டி அடுக்குகிற மூலையிலும் நின்றோம். என் சட்டைக்கை கோழி ஓடுகிற பெல்ற்றில் பிடிபட்டது. கையுறை போனது, மணிக்கட்டுப் போனது, முழங்கை போனது. உருளை என் கையை மென்றது. அந்த இரைச்சலுக்குள்ளும் என் எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. தோல் உரிந்து தொங்கியது. யாரோ நிறுத்துகிற பொத்தானை அடித்தார்கள், அது வேலை செய்யவில்லை. நீங்கள் இரும்புக் கம்பியோடு ஓடி வந்தீர்கள். ஒரு மனிசனைப் போட்டு அடிப்பது போல அந்த மெசினை அடித்தீர்கள். தூசணத்தால் பேசிப் பேசி அடித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசகம் வாசிக்கிற வாய் அது.

மூடி உடைந்தது, கை வெளியே வந்தது. நான் இரத்தத்துக்குள் கிடந்தேன். சுப்பவைசர் என் காலைக் கடந்து போய், "ஸ்ரார்ட் த லைன்" என்றான், மெசினைத் திரும்ப ஓட விடச் சொல்லி. நீங்கள் திரும்பி ஒரே ஒரு குத்து விட்டீர்கள். அவனுடைய பல் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. உயிர் போகிற நோவிலும் அதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. அந்த ஒரு குத்தால் உங்கள் வேலை போனது, பொலிசும் வந்தது. நீங்கள் அதைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டுப் பேசியதில்லை.

கையை வெட்டாமல் தைத்து விட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு எனக்குக் கை இருக்கிறது. எனக்கு அது தோளில் தொங்குகிற நெருப்பு. விரல் மடங்காது. நோவு தொடங்கினால் கொதிக்கிற எண்ணெயைத் தோளிலிருந்து ஊற்றுவது போல இறங்கும். ஒருநாள் தாங்க முடியாமல் அந்தக் கையையே சுவரில் ஓங்கி அடித்தேன். சுவர் உடைந்து ஓட்டை விழுந்தது. நீங்கள் கோயில் கலண்டரைக் கொண்டு வந்து ஓட்டைக்கு மேல் கொழுவினீர்கள். ஸ்காபரோவில் அந்தச் சின்ன அப்பார்ட்மென்டில் கலியாணம் கட்டாத அண்ணனும் தங்கச்சியும் அதற்குப் பிறகு அந்த ஓட்டையைப் பற்றிக் கதைத்ததே இல்லை.

காயத்துக்கான காசு ஒரு கட்டத்தோடு நின்றது. இனி வேலை செய்ய இயலாதவர்களுக்கான கொடுப்பனவுக்குத்தான் கேட்க வேண்டும் என்றார்கள். டொக்டர் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு, போனில் கூப்பிட்டுக் கேள்வி கேட்போம், தமிழ் தெரிந்த ஆள் வேண்டுமா என்று விசாரித்தார்கள். "வேண்டாம், அண்ணை நான் இருக்கிறன்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பிறத்தி ஆள் எங்கள் வீட்டுக் கதையைக் கேட்பதா என்று உங்களுக்கு.

போன் வந்தது. நான் பெயரைச் சொன்னேன், பிறந்த திகதியைச் சொன்னேன், அண்ணையோடு கதையுங்கள் என்றேன். கொஞ்ச நேரத்தில் உங்கள் முகம் மாறியது. போனையும் கொண்டு பல்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினீர்கள். வெளியே பனி கொட்டுகிறது. சாரத்தோடும் பெனியனோடும் நின்று தலையை ஆட்டி ஆட்டிக் கதைத்தீர்கள். உங்கள் வாய் அசைவது மட்டும் எனக்குத் தெரிந்தது. உள்ளே வந்தபோது காது சிவந்திருந்தது.

"என்ன கேட்டவை?"

"எல்லாம் கேட்டவை. எல்லாம் வடிவாச் சொல்லிப்போட்டன். நீ தேத்தண்ணியைக் குடி."

பிறகு ஒரு நாள், கொடுப்பனவு இல்லை என்று போன் வந்தது. அன்று நீங்கள் வீட்டில் இல்லை. எனக்குத் தெரிந்த உடைந்த இங்கிலீசில் ஏன் என்று கேட்டேன். போனில் கதைத்த பெண் ஆறுதலாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் தனியக் குளிப்பேனாம், தனிய உடுப்புப் போடுவேனாம், சமைப்பேனாம், கழிப்பறைக்குப் போய் வர யாருடைய உதவியும் தேவையில்லையாம். சொன்னது யார் என்று கேட்டேன். "யுவர் பிரதர்" என்றாள்.

நீங்கள் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் சட்டி பறந்து வந்தது. இடது கை என்றபடியால் குறி தப்பியது, இல்லாவிட்டால் அன்றைக்கே உங்கள் மண்டை உடைந்திருக்கும். கோப்பை, தட்டம், மா டப்பா, கைக்கு வந்ததெல்லாம் எறிந்தேன். நீங்கள் மா வடிகிற தலையோடு நின்று கத்தினீர்கள்.

"என்னை என்னடி செய்யச் சொல்லுறாய்? கேட்டவன் ஒரு ஆம்பிளை! உன்ர தங்கச்சி கழுவுவாளோ எண்டு கேக்கிறான். அதை நான் தமிழில உன்னைக் கேக்கிறதோ? அவனுக்கு ஓம் எண்டு சொல்லாமல் வேற என்னத்தைச் சொல்ல?"

"நீங்கள்தானே கழுவி விடுறீங்கள்! ஏலாது எண்டு சொன்னால் என்ன?"

"செய்யிறது வேற, றெஜி! சொல்லுறது வேற!"

பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் தட்டினான். நான் திருப்பி அவனுக்கும் தட்டினேன். அதன் பிறகு சில நாட்கள் நாங்கள் முகம் பார்க்கவில்லை. பிறகு ஒரு விடியலில் நீங்கள் சீப்போடு வந்து என் பின்னால் நின்றீர்கள். சண்டை முடிந்தது என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் அடையாளம். நீங்கள் பின்னுகிற பின்னல் எப்போதும் ஒரு பக்கம் கோணலாகத்தான் இருக்கும்.

திரும்பவும் விண்ணப்பிப்போம் என்றீர்கள். அதற்குள் போன விண்டரில் புது வேலைக்குப் போக நின்ற பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். உங்கள் செத்தவீட்டுக்கு நான் தலைவிரிகோலமாக வந்தேன். சனம் அதைத் துக்கம் என்று நினைத்து இன்னும் அழுதது. தலையை இழுத்துக் கட்ட ஆள் இல்லாமல் வந்தேன் என்று யாருக்குத் தெரியும்? பெட்டிக்குள் கிடந்த உங்களைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

விட்பியிலிருந்து மாமாவின் மகள் மச்சாள் வந்தா. "பேஸ்மென்ட் சும்மாதானே கிடக்கு, வந்து இரன். பிள்ளையள் பாத்துக்கொள்ளுவினம்" என்றா. நல்ல மனிசிதான். ஆனால் அந்தப் பிள்ளைகளில் யார் என்னைக் கழுவப் போகிறார்கள்? மாதம் ஒருமுறை யாராவது எட்டிப் பார்த்து, அன்ரி சுகமோ என்பார்கள். நானும் சுகம் என்பேன். அப்படியே ஊத்தையோடு சாவேன். திரும்பவும் விண்ணப்பித்தேன்; இந்த முறையும் கொடுப்பனவு இல்லை என்றால் எனக்கு அந்தப் பேஸ்மென்ட்தான் என்று இருந்தது.

சட்ட உதவி நிலையத்தில் தர்சினி என்றொரு பிள்ளை இருக்கிறாள். இங்கே பிறந்தவள். போன் வருவதற்கு முதல் என்னை இருத்திப் பழக்கினாள். அந்த ஒத்திகையில் அவள்தான் அதிகாரி, நான் நானேதான்.

"ஹலோ மிஸ், ஹவ் ஆர் யூ ருடே?"

"ஃபைன், தாங்க்யூ" என்றேன்.

மேசையில் ஓங்கி அடித்தாள். "அன்ரி! நோ! ஃபைன் எண்டால் அவை ஃபைன் எண்டுதான் எழுதுவினம். நல்ல நாளைச் சொல்லாதேங்கோ, உங்கட வேர்ஸ்ட் டேயைச் சொல்லுங்கோ. ஏலும் எண்டால், செய்த பிறகு என்ன நடக்கும் எண்டும் சொல்லுங்கோ. விளங்காட்டில் திருப்பிக் கேளுங்கோ. நோவு வந்தால் நிப்பாட்டச் சொல்லுங்கோ. தமிழ் சொல்ல இன்ரபிரெற்றரைக் கட்டாயம் கேளுங்கோ. ஃபாமிலி ஆரும் வேண்டாம்."

தண்ணீர் கொதிக்கிற கேத்தில் தூக்குவீர்களா என்று கேட்டாள். ஓம் என்றேன். என் வாய் அப்படி, அண்ணை. யார் எதைக் கேட்டாலும் ஓம். அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்து தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி அவளுடைய அலுமாரிக்கு எறிந்தேன். அவள் பயப்படவில்லை. "தட்ஸ் இற், அன்ரி! உந்தக் கோவத்தோட கதையுங்கோ" என்றாள்.

போன் வர இருந்த அன்று காலை நான் கலண்டரைக் கழற்றினேன். ஓட்டைக்கு நேரே கதிரையைப் போட்டு இருந்தேன். போனை ஸ்பீக்கரில் வைத்தேன். அதிகாரி ஒரு பெண், தமிழ் சொல்ல இன்னொரு பெண், இரண்டு பேரும் வெறும் குரல்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று முதல் கேள்வி. ஃபைன் நாக்கின் நுனியில் வந்து நின்றது. நாக்கைக் கடித்தேன். வாய் முழுக்க இரத்த ருசி.

"நான் சுகமில்லை" என்றேன்.

கேத்தில் தூக்கினால் என்ன நடக்கும் என்று சொன்னேன். தொடையில் கொதிதண்ணீர் கொட்டிய தழும்பைச் சொன்னேன். சுவரை உடைத்ததைச் சொன்னேன். உறைப்பான கறி வாசத்தில் பெல்ற்றுக்குள் போன இறைச்சி ஞாபகம் வந்து சத்தி எடுப்பதைச் சொன்னேன். நோவு வந்தபோது போனுக்குள்ளேயே அலறினேன். பொறுத்து நின்றார்கள். பிறகு அந்தக் கேள்வி வந்தது, நீங்கள் பனிக்குள் நின்று ஓம் சொன்ன அதே கேள்வி.

"ஏலாது" என்றேன். "இந்தக் கை பின்னால போகாது. மற்றக் கையைப் பின்னால கொண்டு போனால் தோள் பிடிச்சுக்கொள்ளும். என்ர அண்ணைதான் கழுவி விட்டவர். உள்ளுடுப்பும் அவர்தான் போட்டு விட்டவர். மாதத் துணியும் அவர்தான் மாத்தினவர். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தை அங்கால திருப்பிக்கொண்டு, அருள் நிறைந்த மரியே மந்திரத்தைச் சத்தமாச் சொல்லிக்கொண்டு செய்வார். அந்த அவதியில மந்திரத்தைப் பிழைபிழையாச் சொல்லுவார்."

மொழிபெயர்க்கிற பெண் பேசவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, அவள் மூச்சுக் கேட்டது. எனக்கு எங்கிருந்து அந்த வெறி வந்ததோ தெரியாது. மேசையை இடது கையால் அடித்து அடித்துக் கத்தினேன்.

"சொல்லும் பிள்ளை! ஒரு சொல்லும் விடாமல் சொல்லும்! வெக்கப்படாதேயும்! வெக்கப்பட்டுத்தான் என்ர அண்ணை சொல்லாமல் விட்டவர்!"

அவள் சொன்னாள். அழுதுகொண்டு இங்கிலீசில் எல்லாவற்றையும் சொன்னாள். மந்திரத்தைப் பிழையாகச் சொன்னதையும் விடவில்லை. அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்று, கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் தொடங்கியது. இப்போது யார் செய்கிறார் என்று அதிகாரி கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லை. அவர் செத்துப்போனார்."

அதிகாரி என் பெயரைச் சொல்லி, ஐ ஆம் சொறி என்றாள். போனை வைத்த பிறகு நான் நிலத்தில் கிடந்து குழறினேன். பக்கத்து வீட்டுக்காரன் அன்று சுவரில் தட்டவில்லை.

கிடைத்துவிட்டது, அண்ணை. கொடுப்பனவும் கிடைத்தது, காலையில் வந்து உதவி செய்ய ஒரு பிலிப்பினோப் பெண்ணும் கிடைத்தாள். விட்பிக்குப் போகவில்லை, எங்கள் வீட்டில்தான் இருக்கிறேன். அவள் கண்ணை மூடுவதில்லை, மந்திரம் சொல்வதில்லை, கதைத்துச் சிரித்துக்கொண்டு கழுவுகிறாள். பின்னலை நேராகப் பின்னுகிறாள். கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரோ போல இருக்கிறேன்.

உங்களில் எனக்குக் கோபம் போய்விட்டது என்று எழுத வேண்டும், அதுதானே வழக்கம்? போகவில்லை. அந்தக் கம்பியைத் தூக்கி ஓடி வந்த மனிசன், என் பீத்துணி துவைத்த மனிசன், போனில் ஒரு 'ஏலாது' சொல்ல மாட்டாமல் போனாரே என்று நினைக்கிற நேரமெல்லாம் சட்டியைத் தேடுகிறேன். எறிவதற்கு நீங்கள் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு சத்தியம் செய்கிறேன், கேளுங்கள். எங்கள் கட்டடத்தில் இன்னும் இரண்டு பெண்களுக்கு இதே போன் வரப் போகிறது. ஒருத்திக்கு மகன் கதைக்கப் போகிறானாம், மற்றவளுக்கு அவளுடைய அண்ணன். நான் போய்ப் பக்கத்தில் இருப்பேன். போன் அடித்ததும் மகனையும் அண்ணனையும் பல்கனிக்கு அனுப்பிக் கண்ணாடிக் கதவைப் பூட்டுவேன். அவர்கள் வெளியே நின்று என்ன கத்தினாலும், உள்ளே இருக்கிறவள் சொல்லி முடியும் வரை திறக்க மாட்டேன்.

பயப்படாதீர்கள். குளிருக்கு ஜக்கெற்றைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பூட்டுவேன்.

உங்கள் சுகமில்லாத தங்கச்சி,
றெஜி