மான்குட்டிக்குக் காவல்

அன்புள்ள வாயாடிக்கு,

நலம்தானே? அந்த வெளிநாட்டு வீட்டில் நீ கவனித்துக்கொள்ளும் பெரியவர் இப்போதாவது உன்னைத் தூங்க விடுகிறாரா? போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். உன் குரல் கேட்டால் நம் வாண்டு என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறாள். ஆனால் பேசு என்றால் வாயைத் திறப்பதில்லை. சாயங்காலம் ஆனால் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

நீ சொன்னபடி லீவில் அவளை மலைக்கு அழைத்துப் போனேன். காட்டை ஒட்டி வாடகைக்கு ஒரு மரவீடு, அதற்கு ஒரு காவலாளி. மிருகங்களைக் காட்டினால் ஏக்கம் குறையும் என்றாயே! நானோ லிஃப்ட் பழுது பார்ப்பவன். பொத்தானை அழுத்தினால் வரவேண்டியது வந்துவிட வேண்டும் எனக்கு. பைனாகுலரும் கையுமாக ஒரு பகல் முழுக்க உட்கார்ந்ததில் கிடைத்தது ஒரு அணிலும், நரி என்று நான் சத்தியம் செய்த ஒரு நாயும்தான். “அப்பா, அது கழுத்துல பட்டை இருக்கு” என்று என் மானத்தை வாங்கிவிட்டுச் சிரித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் வீட்டுக்குப் பின்னால், உயரமான புல்லுக்குள் ஒரு மான்குட்டி தனியாகச் சுருண்டு கிடந்தது. “இதோட அம்மா இத விட்டுட்டுப் போயிடுச்சுப்பா” என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அழுதால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, துண்டில் சுற்றி அதை வீட்டுக்குள் தூக்கி வந்துவிட்டேன்.

காவலாளி பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். தாய்மான் குட்டியைப் புல்லில் ஒளித்துவைத்துவிட்டுத்தான் மேயப் போகுமாம். குட்டி அசையாமல் கிடப்பதுதான் அதற்குப் பாதுகாப்பாம். “எடுத்த இடத்துலயே விட்டுட்டு உள்ள போயிடுங்க சார். நீங்க அங்க நிக்கிற வரைக்கும் அம்மா வராது” என்றார்.

விட்டோம். ஆனால் இவள் நகர வேண்டுமே! தனியாக இருந்தால் அது பயப்படும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கெஞ்சினேன், மிரட்டினேன், ஒன்றும் எடுபடவில்லை. காட்டோரத்தில் ஒரு மான் தலையை நீட்டி எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. நீ இருந்திருந்தால் ஒரே பார்வையில் எழுப்பியிருப்பாய். கடைசியில் குண்டுக்கட்டாகத் தூக்கி வந்தேன். என் தோளைக் கடித்துவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்க்கலாம் என்றால் மூடுபனி இறங்கி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

பனி விலகியபோது குட்டி அங்கே இல்லை. அம்மா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு காவலாளியைத் தனியாக விசாரித்தேன். வந்திருக்கும் என்றார், காட்டில் வேறு பிராணிகளும் உண்டு என்றார். எனக்குத் தெரியவில்லையம்மா. சத்தியமாகத் தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் உன் போன் வந்தது, இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள் என்று. அவளிடம் சொல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது? சொன்னேன். அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் கையைப் பிடித்து இழுத்து, “நாம வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறோம்ல, அதான் அம்மா வரல. வாப்பா, ஒளிஞ்சுக்கலாம்” என்றாள்.

அப்படி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், வேறு எப்படி என்று சொல்ல வேண்டுமே!

இப்போதெல்லாம் சாயங்காலம் ஆனால் பால்கனிக் கதவைச் சாத்திவிடுகிறாள். துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு பேரும் ஒண்டிக்கொள்கிறோம். எனக்கு ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; அதை உள்ளே இழுக்கச் சொல்லி அதட்டுவாள். இந்தக் கடிதத்தையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என்மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

நீ எதற்காகப் போனாய் என்று எனக்குத் தெரியும். அதனால் வா என்று கூப்பிடவும் முடியவில்லை, கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. வேளைக்குச் சாப்பிடு. குளிரில் வெறுங்காலோடு நிற்காதே. நீ வருகிற அன்று வாசலில் யாரையும் காணோமே என்று பயந்துவிடாதே. நாங்கள் அசையாமல் உள்ளேதான் இருப்போம்.

இப்படிக்கு,
உன் லிஃப்ட்காரன்