நெஞ்சளவு

வவுனியா,
04.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகள் கௌசலாவின் கலியாணத்துக்கு நீங்கள் உடுத்த நான் தைக்கும் சேலைச் சட்டைக்கு நீங்கள் எழுதி அனுப்பிய அளவைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். கை அளவு குறைந்திருக்கிறது, நெஞ்சு மட்டும் மூன்று அங்குலம் கூட! இத்தனை வருடம் தைக்கிறேன், இப்படி ஓர் அளவு கண்டதில்லை. உடம்பு வைத்துவிட்டீர்களா? அத்தானைக் கேட்டால், "அவவுக்கு என்ன, நெல்லு அவிச்சுக்கொண்டு நிக்கிறா" என்கிறார். நீங்கள் போனுக்கே வருவதில்லை. என்மேல் கோபமா?

அன்புத் தங்கை,
சுதாஜினி

உருத்திரபுரம்,
13.02.2024

அன்புத் தங்கச்சி,

கோபமில்லை. போனில் நாலு சொல் கதைக்க மூச்சு முட்டுகிறது. எழுதினால் இடையில் நிறுத்தி ஆறலாம்.

அளவு சரிதான். ஆனால் நான் மெலிந்துதான் போனேன். கிளினிக்கில் இளம் டொக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். இழுத்த காற்று முழுதாக வெளியேறாமல் சுவாசப்பையில் தங்கி, அது ஊதி, விலா எலும்புகளைத் தூக்கிப் பிடித்திருக்கிறதாம். நெஞ்சு தண்ணீர்ப் பீப்பாய்போல உருண்டுவிட்டது. "அம்மா, இது இனிப் பழையபடி வராது. விறகடுப்புப் புகையை விட்டீங்களெண்டால் இன்னும் மோசமாகாமல் பாக்கலாம்" என்றார்.

உன் அத்தானிடம் சொன்னேன். "அவிக்காமல் எப்பிடிச் சீவிக்கிறது?" என்றார்.

கலியாணத்துக்கு நான் வரவில்லை. தோளைத் தூக்கித் தூக்கி மூச்செடுப்பதை மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வேண்டாம். பிள்ளைக்கு என் ஆசி.

அக்கா,
சிவனேஸ்வரி

வவுனியா,
20.02.2024

அன்புள்ள அக்கா,

வாசித்துவிட்டு மெசினை மூடிவைத்துவிட்டேன். அன்று தைக்க மனமில்லை.

கௌசலா சொல்கிறாள்: "பெரியம்மா வராட்டி நான் மணவறையிலை ஏறமாட்டன்." சட்டையை உங்கள் இப்போதைய அளவுக்கே வெட்டிவிட்டேன். கலியாணம் முடிந்து நீங்கள் திரும்பிப் போக வேண்டாம். இங்கே காஸ் அடுப்பு. பின் அறை சும்மாதான் கிடக்கிறது. அத்தானிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் கேட்காமலே வாருங்கள்.

சுதாஜினி

உருத்திரபுரம்,
01.03.2024

அன்புத் தங்கச்சி,

அத்தானிடம் கேட்டேன். "நீ போனால் இஞ்சை அடுப்பை ஆர் பாக்கிறது?" என்றார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன், வேறு ஏதாவது கேட்பார் என்று. நெல்லுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவரும் களைத்த மனிசன்தான். ஆனால் எனக்கு இனி ஏலாது.

பத்தாம் தேதி பஸ்ஸில் வருகிறேன். கலியாணத்துக்கு மட்டும் இல்லை.

பஸ்ஸடிக்கு எல்லாரையும் கூட்டி வராதே. "எப்பிடி இருக்கிறியள்" என்று ஆளுக்காள் கேட்டால் பதில் சொல்லவே மூச்சுப் போதாது. வீட்டில் காற்றுப் படுகிற இடமாக ஒரு கதிரையைப் போட்டு வை. கொஞ்சம் ஆறிய பிறகு நானே கதைக்கிறேன்.

அக்கா